பதினாறு நாள் போஷாக்கு

வீட்டில் ஒரு பெண் பெரியவளானாள் என்ற செய்தி கூடத்திலிருந்து அடுக்களைக்கு எட்டியதும், தாய்மாமனுக்கு ஆள் போவதற்கும் மஞ்சள் அரைப்பதற்கும் முன்னமே, வயதில் மூத்த ஸ்திரீ ஒருத்தி பானையிலிருந்து கறுப்பு உளுந்தை எடுத்து முறத்தில் கொட்டிப் புடைக்கத் தொடங்கிவிடுவாள். இச்சடங்கின் பெயரும் முறையும் ஊருக்கு ஊர், ஜாதிக்கு ஜாதி வேறுபடும். பச்சைத் தென்னங்கீற்றால் தாய்மாமன் குச்சு கட்டிப் பெண்ணை அதில் இருத்துவது ஒரு பக்கத்து வழக்கம். வீட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி, உலக்கையைக் குறுக்கே இட்டு எல்லை வகுப்பது இன்னொரு பக்கத்து வழக்கம். மஞ்சள் நீராட்டு என்பார் சிலர், தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல் என்பார் சிலர், யாழ்ப்பாணத்தார் சாமத்தியச் சடங்கு என்பர். ஒதுக்கி வைக்கும் நாளின் கணக்கும் ஏழு, ஒன்பது, பதினொன்று, பதினாறு என்று மாறும். இத்தனை மாறுபாட்டுக்கும் நடுவே பெரும்பாலும் மாறாமல் நிற்பவை உளுந்தும் நல்லெண்ணெயும் கருப்பட்டியுமே. சீர்வரிசையையும் பந்தலையும் பாட்டையும் விவரித்தவர் அநேகர். அடுக்களையில் நடந்த இந்தக் காரியமோ, யௌவனப் பருவத்துப் பெண்களின் சரீர பலஹீனத்தையும் மாதந்தோறும் அவர்களை வாட்டும் வலியையும் நம் முன்னோர் எவ்வளவு தூரம் அறிந்திருந்தார்கள், எந்த இடத்தில் அறியத் தவறினார்கள் என்பதைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் உளுந்தங்களி கிண்டுவதை அருகிலிருந்து பார்த்தவர்கள், அது எளிய சமையல் அன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள். தோல் நீக்காத முழு உளுந்தை வெறும் சட்டியில், வாசனை எழும்பும் வரையில், கருகிவிடாமல் வறுக்கவேண்டும். ஒரு பங்கு பச்சரிசியும் வறுத்துச் சேர்த்துத் திருகையில் இட்டு மாவாக்கிச் சலிக்கவேண்டும். கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, நீர் விட்டுக் காய்ச்சி, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, அந்தப் பாகுநீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் துடுப்பைச் சுழற்றவேண்டும். கை ஒரு கணம் ஓய்ந்தாலும் கட்டி விழுந்துவிடும். இடையிடையே நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்ட, களி இறுகிச் சட்டியை விட்டு விலகிச் சுருண்டு வரும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டாதபோது இறக்குவார்கள். சூட்டோடு உருட்டி, உருண்டையின் நடுவே கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அந்தக் குழி நிறைய மறுபடியும் எண்ணெய் ஊற்றிப் பெண்ணின் கையில் கொடுப்பார்கள். புலால் உண்ணும் குடும்பங்களில், விடியற்காலையில் நாட்டுக்கோழி முட்டையின் தலையில் துளையிட்டு, உள்ளிருப்பதைப் பச்சையாகவே குடிக்கச் செய்து, அந்த ஓட்டையே அளவு பாத்திரமாகக் கொண்டு நல்லெண்ணெயை நிரப்பி அதையும் விழுங்கச் சொல்வது உண்டு. பெண் முகத்தைச் சுளிப்பாள், பாட்டி விடமாட்டாள்.

இதற்குக் காரணம் கேட்டால் பெரியவர்கள் இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்வார்கள்: இடுப்புக்கு வலு வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டிய உடம்பு. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியை வளர்த்த சமூகத்துக்கு இந்த விடை போதுமானதாக இருந்தது. பொருளளவில் பார்த்தாலும் அவர்கள் தேர்ந்தெடுத்தது தவறான உணவன்று. உளுந்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு உளுந்தில் நிறைந்திருப்பதால் இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. எண்ணெயும் கருப்பட்டியும் வளரும் உடம்புக்கு வேண்டிய உஷ்ணத்தைக் கொடுக்கின்றன. பூப்புக்கு முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகளில் ஒரு பெண் வேகமாக உயர்ந்து, எலும்பும் தசையும் ஒருங்கே பெருகுகிறாள். அக்காலத்தில் அவளுக்குக் கூடுதலான ஆகாரம் தேவை என்பதைக் கண்ணால் கண்டே நம் பாட்டிமார் தெரிந்துகொண்டிருந்தார்கள். எத்தனையோ விஷயங்களில் பெண்ணை இரண்டாம் இடத்தில் வைத்த ஒரு சமூகம், அவள் வாழ்க்கையில் ஒரு தடவையேனும் வீட்டின் சத்தான உணவை முதலில் அவளுக்கே ஊட்டியது என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆயினும் அவளுக்குக் கிடைத்த மரியாதை பதினாறாம் நாளோடு முடிந்துவிட்டதை மறைத்தல் நியாயமாகாது. குச்சைப் பிரித்துக் கொளுத்தி, புண்ணியாகவாசனம் செய்து, பெண்ணை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட மறுநாள் முதல், ஆண்கள் உண்டு, குழந்தைகள் உண்டு, அதற்குப் பின் மிஞ்சியதை உண்ணும் ஸ்திரீகளின் பந்தியில் அவளும் சேர்க்கப்பட்டாள். மாதந்தோறும் மூன்று நாள் அவள் வீட்டுக்குத் தூரமானபோது, பல வீடுகளில் அவளுக்குக் கிடைத்தவை திண்ணையின் ஒரு கோடியும், ஒரு கந்தல் பாயும், தூரத்திலிருந்து வைக்கப்பட்ட ஆறின சோறுமே. வேலையிலிருந்து விலக்கு என்பது வசதியுள்ள குடும்பங்களில் ஒருவகை ஓய்வாக அமைந்தது உண்மை. அன்றாடக் கூலிக்கு நாற்று நடப் போன பெண்ணுக்கோ அந்த ஓய்வும் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் குனிந்தபடியே அவள் அந்த நாட்களையும் கழித்தாள். அவளுடைய வெறுங்கால் வழியாகக் கொக்கிப்புழு ஏறிக் குடலில் தங்கி, ஏற்கெனவே மாதந்தோறும் குறையும் இரத்தத்தை நாள்தோறும் உறிஞ்சியது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது.

சரீர சாஸ்திரம் பிற்காலத்தில் வெளிப்படுத்திய ஒரு செய்தியை இவ்விடத்தில் சேர்த்து நோக்கினால், வழக்கத்தின் குறை இன்னும் தெளிவாகும். பூப்பெய்திய புதிதில் வரும் மாதவிலக்குகளில் பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படுவதில்லை. ஆகையால் அவற்றில் வலியும் அதிகமாக இருப்பதில்லை. ஆறு மாதமோ ஓர் ஆண்டோ, சிலருக்கு இன்னும் சற்று அதிகமோ கழிந்து, கருமுட்டை ஒழுங்காக முதிரத் தொடங்கிய பிறகே, அடிவயிற்றைப் பிசைந்து, இடுப்பைக் கழற்றி, தொடை வரையில் இறங்கும் அந்த வலி தோன்றுகிறது. ஆகவே, களியும் எண்ணெயும் ஊட்டப்பட்ட நாட்களில் பெண்ணுக்கு வலியில்லை. வலி வந்த நாட்களில் ஊட்டுவார் இல்லை. அப்போது அவள் கேட்ட சொற்கள் வேறு: எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, வாயைப் பொத்திக்கொண்டு படு, அன்றைக்கு ஊட்டினபோது ஒழுங்காகத் தின்றிருந்தால் இடுப்பு இப்படி நோகுமா, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். இவற்றுள் மூன்றாவது சொல்லைத்தான் நாம் கூர்ந்து கவனிக்கவேண்டும். வலிக்குக் காரணம் வலுவின்மை என்பது அதன் உட்கிடை. கை கால் ஓய்ந்து போவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், விலக்கு நாளில் துடிப்பதும் எல்லாம் ஒரே பலஹீனத்தின் பல முகங்கள் என்று வீட்டார் எண்ணினர். இரண்டு உபாதைகளை ஒன்றாகக் கட்டியதால் இரண்டுக்குமே உரிய பரிகாரம் கிடைக்காமற் போனது என்பதே என்னுடைய அபிப்பிராயம்.

நம் பண்டைய வைத்தியர்கள் இவ்வாறு ஒன்றாகக் கட்டவில்லை என்பது கவனத்துக்குரியது. சரகருடைய சம்ஹிதையில், ஸ்திரீ ரோகங்களைச் சொல்லும் பகுதியில், உதாவர்த்தம் என்ற பெயரால் ஒரு வியாதி வருணிக்கப்பட்டிருக்கிறது: கீழ்நோக்கிச் செல்லவேண்டிய வாயு மேல்நோக்கித் திரும்புவதால் விலக்கின்போது கடுமையான வலி உண்டாகும் என்றும், இரத்தம் வெளிப்பட்டவுடனே நோயாளி சுகம் அடைவாள் என்றும் அங்கே கூறப்படுகிறது. விலக்கின் தொடக்கத்தில் உச்சத்துக்கு ஏறி, போக்கு நன்றாக வந்ததும் தணிகின்ற வலியை நேரில் விசாரித்து அறிந்தவரே இப்படி எழுதியிருக்க முடியும். தமிழ்ச் சித்த வைத்தியத்திலும் சூதக வலிக்குப் பெருங்காயம், சோற்றுக் கற்றாழையில் ஆன குமரி லேகியம் முதலியவை ஒரு புறமும், வெளிறி வீங்கிச் சோர்ந்த உடம்பாகிய சோகைக்கு அயச்செந்தூரம், அன்னபேதி, கரிசலாங்கண்ணி முதலியவை மறுபுறமுமாக வைக்கப்பட்டன. இரும்பைப் பஸ்பமாக்கிக் கொடுத்தால் வெளிறின முகம் சிவக்கும் என்பதை அனுபவத்தால் கண்டிருந்தார்கள். ஆனால் இந்த ஞானம் வைத்தியரின் ஏட்டிலும் பெட்டியிலும் இருந்ததே தவிர, கன்னிப்பெண் ஒருத்தி தன் விலக்கு வலியை ஆண் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்வது என்பது நம் குடும்பங்களில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1554-ஆம் ஆண்டில் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய வைத்தியர், தம் மகளின் முகம் வெளிறிப்போனதையும், படி ஏறினால் நெஞ்சு படபடப்பதையும், இறைச்சியைக் கண்டால் அவள் வெறுப்பதையும் எழுதிக் கேட்ட நண்பருக்கு விடையாக, இது கன்னியருக்கு வரும் நோய் என்றும், தடைப்பட்ட விலக்கே இதற்குக் காரணம் என்றும், விரைவில் விவாகம் செய்துவிடுவதே உசிதம் என்றும் எழுதினார். பின்னர் க்ளோரோஸிஸ் என்ற பெயரைப் பெற்ற இந்நோய் முந்நூறு ஆண்டுக் காலத்துக்கு மேலாக ஐரோப்பியப் பெண்களைப் பீடித்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஸிடன்ஹாம் இரும்புத்தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார், 1832-இல் பிரான்ஸ் தேசத்து ப்ளோ இரும்பு உப்பு மாத்திரையை உருவாக்கினார், பெண்கள் தேறினார்கள். ஆயினும் அவ்வாறு தேறியதற்கு இரத்தத்தில் இரும்பு குறைந்திருந்ததே காரணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ள இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. அதுவரையில் காதல் ஏக்கம், மனச்சஞ்சலம், கல்வியின் மிகுதி எனப் பல குற்றச்சாட்டுக்கள் அப்பெண்களின் மேல் சுமத்தப்பட்டன.

கல்வியின் மிகுதி என்ற குற்றச்சாட்டைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1873-இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் எழுதி, விலக்கு நாட்களில் மூளைக்கு வேலை கொடுக்கும் பெண்ணின் கருப்பைக்குச் செல்லவேண்டிய சக்தி குறைந்து அவள் நிரந்தர நோயாளியாவாள் என்று வாதித்தார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவை அடைக்க நினைத்தவர்களுக்கு அந்நூல் பெரிய ஆயுதமாயிற்று. அதற்கு மறுப்பாக மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் வைத்தியர், நூற்றுக்கணக்கான ஸ்திரீகளிடம் வினாப்பத்திரம் அனுப்பி விடை பெற்று, நாடித்துடிப்பைக் கருவியால் வரைந்து அளந்து, விலக்குக் காலத்தில் ஓய்வு கட்டாயம் என்பதற்குச் சரீரத்தில் ஆதாரமில்லை என்று நிறுவினார். 1876-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பாய்ல்ஸ்டன் பரிசு அந்த ஆராய்ச்சிக்கே கிடைத்தது. எழுதியவரின் பெயரை அறியாமலே கட்டுரைகளைப் பரிசீலிக்கும் போட்டி அது.

ஜேக்கபிக்கு அடுத்த தலைமுறையில் வந்த கிளீலியா மோஷர்தான் தசையையும் வலியையும் நேரடியாக இணைத்துப் பேசியவர். பெண்கள் மார்பால் மட்டுமே சுவாசிக்கும்படி இயற்கையிலேயே அமைந்தவர்கள் என்று அந்நாள் வைத்திய நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1894-இல் முடித்த தம் ஆராய்ச்சியில் மோஷர் அதைப் பரிசோதித்து, அந்தக் குறுகிய சுவாசம் இடுப்பை இறுக்கும் கச்சையின் வேலையே தவிர இயற்கையின் வேலையன்று என்று காட்டினார். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வைத்தியம் கற்றுத் திரும்பி, அதே சர்வகலாசாலையில் மாணவிகளின் சுகாதார ஆலோசகராக அமர்ந்து, மாதக்கணக்காக அவர்கள் எழுதிவைத்த விலக்குக் குறிப்புக்களைத் திரட்டினார். தளர்ந்த வயிற்றுத் தசைகளும், கச்சையின் இறுக்கமும், பாவாடைகளின் பாரமும், வலி வரும் வரும் என்று குழந்தைப் பருவம் முதல் சொல்லி வளர்த்த அச்சமும் சேர்ந்தே வலியை உண்டாக்குகின்றன என்பது அவருடைய முடிவு. மாணவியைத் தளர்ந்த உடையில் மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, அந்தக் கை மெல்ல உயர்ந்து தாழும்படி வயிற்றால் ஆழ்ந்து சுவாசிக்கச் சொன்னார். காலையும் இரவும் பத்துப் பத்துத் தடவை. பலருக்கு வலி குறைந்தது. மாணவிகள் அந்தப் பயிற்சிக்கு அவர் பெயரையே இட்டு அழைத்தார்கள். அவர் கூறிய காரணம் முழுவதும் சரியன்று என்று இன்று தெரிந்துவிட்ட போதிலும், வாரத்தில் சில நாள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு விலக்கு வலி குறைகிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. படுக்கையே மருந்து என்றிருந்த காலத்தில் எழுந்து நட என்று சொல்லத் துணிந்த அம்மாதரசியை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

நம் நாட்டுக்குத் திரும்பிச் சென்னைக்கு வருவோம். 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், இங்கே தொழில் செய்துவந்த ஒரு பாரிஸ்டரின் மனைவி. கோஷா என்னும் திரைமறைவில் வாழ்ந்த ஸ்திரீகள் பிரசவத்திலும் நோயிலும் ஆண் மருத்துவர் முன் வரமாட்டாமல் மடிவதைக் கண்டு மனம் வெந்து வைத்தியம் கற்க வந்தவர். லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி 1885-இல் அவர் நிறுவிய ஜாதி-கோஷா ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. 1912-இல் அதே கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்றார். ஒரு தமிழ்ப் பெண் தன் விலக்கின் துன்பத்தை இன்னொரு பெண்ணிடம், அவள் தாயாகவோ பாட்டியாகவோ இன்றி வைத்தியராக இருக்கும் நிலையில், முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லத்தக்க காலம் இவ்வாறு பிறந்தது. வரலாற்று நூல்கள் இதைப் பெண் கல்வியின் அத்தியாயமாக மட்டும் எழுதிவிட்டுச் செல்கின்றன. வலியின் வரலாற்றில் இதற்குள்ள இடம் அதைவிடப் பெரியது.

இந்தக் காலத்திலேயே தென்னாட்டின் உணவும் விஞ்ஞானிகளின் பார்வைக்கு வந்தது. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி எடை பார்த்தார். பஞ்சாபின் கோதுமையும் பாலும் உண்டவை கொழுத்து நிற்க, தீட்டிய அரிசியையே நம்பிய சென்னை உணவை உண்டவை எல்லாவற்றிலும் சிறுத்து நின்றன. ஆலை வந்து, கைக்குத்தல் அரிசி போய், தவிடு முழுதும் நீங்கிய வெள்ளைச் சோறு பரவிய காலம் அது. 1928-இல் இந்தியாவுக்கு வந்த லூஸி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி, கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகைச் சோகையைப் பம்பாயிலும் குன்னூரிலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ந்து, அது கிருமியால் அன்று, ஆகாரக் குறைவால் வருவது என்று கண்டு, ஈஸ்ட் சாரம் கொடுத்து அவர்களைத் தேற்றினார். அச்சாரத்தில் இருந்த சத்தே பின்னால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதைச் செயற்கையாக உருவாக்குவதில் 1945-இல் வெற்றி பெற்ற அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், ஷார்லீபும் முத்துலட்சுமியும் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். இந்தச் சத்து கறுப்பு உளுந்தில் நிறைந்திருக்கிறது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். திருகையைச் சுற்றிய பாட்டி பெயர் அறியாமல் ஊட்டியவற்றுள் அதுவும் ஒன்று.

பலஹீனத்தின் காரணம் இவ்வாறு துலங்கியது. ஆரோக்கியமான ஒரு பெண் ஒரு விலக்கில் இழக்கும் இரத்தம் சாதாரணமாக முப்பது முதல் நாற்பது மில்லிலிட்டர். அதனோடு ஏறத்தாழ இருபது மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. எண்பது மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை மிகைப்போக்கு என்பர். இழந்த இரும்பை ஆகாரம் ஈடு செய்யவேண்டும். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பகுதியையே குடல் ஏற்றுக்கொள்கிறது. சாப்பாட்டோடு காப்பியோ தேநீரோ குடித்தால் அதுவும் குறைகிறது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுகிறது. நூறு கிராம் உளுந்தில் உள்ள இரும்பு பத்து மில்லிகிராமுக்கும் குறைவு. எனவே பதினாறு நாள் களி ஒரு பெண்ணின் வாழ்நாள் இழப்புக்கு ஈடாகும் என்று எதிர்பார்ப்பது, ஒரு மழையில் ஏரியை நிரப்பிவிட்டு மதகைத் திறந்தே வைத்திருப்பது போன்றதாகும். இரும்பு குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைகிறது. தசைகளுக்குள் உள்ள இரும்பும் குறைகிறது. கால் உளைச்சல், தலைச்சுற்றல், படி ஏறும்போது மூச்சிரைப்பு எல்லாம் பின்தொடர்கின்றன. நம் வீடுகளில் பெண்கள் பச்சரிசியை அள்ளி மெல்லுவதையும், திருநீற்றையும் மண்ணையும் இரகசியமாகத் தின்பதையும் கண்டவர்கள், அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்லி அதட்டுவார்கள். உணவல்லாதவற்றின்மேல் வரும் அந்த விசித்திரமான ஆசை இரும்புக் குறைவின் அடையாளமாகப் பல தடவை இருப்பதை மருத்துவர் அறிவர். அதட்டப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு வேண்டியிருந்தது மருந்து.

வலியின் காரணம் இதற்கு நேர்மாறான திசையில் இருந்தது. அது தசையின் தளர்ச்சியில் அன்று, தசையின் மிதமிஞ்சிய இறுக்கத்தில் இருந்தது. கருப்பை என்பதே பெரும்பாலும் தசையால் ஆன உறுப்பு. 1957-இல் பிக்கிள்ஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், விலக்குத் திரவத்திலேயே தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு வெளியிட்டார். அது ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற இனத்தைச் சேர்ந்தது என்று பின்பு தெளிந்தது. கருமுட்டை வெளிப்பட்ட மாதத்தின் இறுதியில், கருப்பையின் உட்சவ்வு சிதையும்போது இப்பொருள் மிகுதியாக வெளிப்பட்டு, கருப்பையைக் கசக்கிப் பிழிகிறது. அந்தப் பிழிவில் அதன் இரத்தக்குழாய்களே நெருக்குண்டு, இரத்தம் கிடைக்காத தசை வலிக்கிறது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் தலைவலியும் உடன் வருவது இப்பொருள் உடம்பெங்கும் பரவுவதால்தான். 1971-இல் ஜான் வேன், ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் ப்ரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று நிரூபித்தார். 1982-இல் அவரும் ஸ்வீடன் தேசத்து பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகிய இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரொஃபென் போன்ற மாத்திரைகளை, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ இல்லாத பெண்கள், மருத்துவர் சொன்ன அளவில், வலி தொடங்கும்போதே ஆகாரத்துக்குப் பின் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலோருக்கு வலி தணிகிறது. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பாட்டி வைத்தியமும் சரியானதே. சூடு, சுருங்கிய தசையைத் தளர்த்துகிறது. ஆக, விலக்கு வலியில் துடிக்கும் பெண்ணை இடுப்பில் வலுவில்லாதவள் என்று சொன்ன காலமெல்லாம், அவளுடைய உடம்பில் ஒரு தசை தன் வலுவையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது.

பலஹீனத்துக்குப் பரிகாரமாக, 1970-இல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இளம்பெண்கள் அதில் உரிய இடம் பெற நெடுநாள் சென்றது. 2012-13-இல்தான் பள்ளிகளில் வாரம் ஒரு மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மருந்தும் கொடுக்கும் திட்டம் நாடு முழுவதற்குமாக வந்தது. ஆயினும் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பதினைந்து முதல் பத்தொன்பது வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் சோகையுள்ளவர்கள். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அவ்வாறே. மாத்திரையை வாங்கிப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு, மலம் கறுக்கிறது, வயிறு குமட்டுகிறது என்று விட்டுவிடுகிற பெண்களை ஆசிரியைகள் அறிவார்கள். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும் என்பதையும், மலம் கறுப்பதில் கேடில்லை என்பதையும் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்பவர் இருந்தால் பாதி மாத்திரைகள் வீணாகமாட்டா. உளுந்தங்களி மாவு இப்போது பொட்டலமாகக் கடைகளில் கிடைக்கிறது. சடங்கு இல்லாத வீடுகளிலும் வாங்குகிறார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளேனும் அது பெண்ணின் தட்டுக்கு வந்தால், முன்னோர் பதினாறு நாளில் நிறுத்திவிட்ட நற்காரியம் தொடர்ந்ததாகும்.

கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியது மீதம் இருக்கிறது. லாங்கே 1554-இல் சொன்னதும் நம் திண்ணைகளில் சொன்னதும் ஒன்றே. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கு விலக்கு வலி குறைவது உண்மையாதலால் அச்சொல் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. ஆனால் எல்லா வலியும் அவ்வகையைச் சேர்ந்ததன்று. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற சவ்வு கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மேலும் குடலை ஒட்டியும் வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயே கசிந்து, வடுவையும் ஒட்டுதலையும் உண்டாக்கும் எண்டோமெட்ரியோஸிஸ் என்ற நோயை 1920-களில் அமெரிக்க வைத்தியர் ஜான் சாம்ப்சன் விரிவாக விளக்கினார். அந்நோயுள்ள பெண்ணுக்கு வலி ஆண்டுக்கு ஆண்டு கூடும். விலக்கு இல்லாத நாட்களிலும் வரும். மலம் கழிக்கும்போதும் குத்தும். சாதாரண வலிமாத்திரைக்கு அடங்காது. கல்யாணத்துக்காகக் காத்திருந்து, கல்யாணமான பின் குழந்தையில்லை என்று மருத்துவமனைக்குப் போய், அங்கே வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்த்த பிறகே, பதினைந்து வயதில் தொடங்கிய வலிக்குப் பெயர் தெரிந்துகொண்ட பெண்கள் நம் நாட்டில் ஏராளம். பள்ளிக்கு மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் போகமுடியாமல் சுருண்டு படுக்கும் மகளை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனையும்படி போக்கு மிகுந்த மகளை, மூன்று மாதம் மாத்திரை எடுத்தும் தேறாத மகளைத் தாய் கையோடு அழைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டும். அவர் வலி எப்போது தொடங்கியது என்று கேட்பார், இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார், வயிற்றின்மேல் ஸ்கேன் செய்து பார்ப்பார். விவாகமாகாத பெண்ணுக்கு இவற்றுள் எதனாலும் ஒரு குறையும் நேராது.